பிரகாசம் இரட்சிப்பை ராஜினாமா செய்த கதை

பூந்தமல்லி கீழண்டைச் சபையில் இரட்சிப்பு பித்தளையால் ஆனது. வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் எந்தக் காலத்திலோ ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. திருவிருந்துக்கு முந்தின வாரம் மூப்பர்கள் வீடு வீடாக வருவார்கள். "பாவம் ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னவர்களுக்குச் சிலுவை பொறித்த வட்ட வில்லை ஒன்று கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைத் தட்டில் போட்டுவிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்ளலாம். உண்டு என்று சொன்னவர்களுக்கு வில்லை கிடையாது. இந்த ஏற்பாட்டினால் சபையில் பாவம் அடியோடு ஒழிந்துபோயிற்று.

பாதிரி சீமைக்குத் திரும்பிவிட்டார். வில்லை இங்கேயே தங்கிவிட்டது. தட்டில் போடும்வரை அதைக் கையில் வைத்திருப்பதே பெரிய பாக்கியம் என்று ஜனங்கள் எண்ணத் தொடங்கினார்கள். பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். காய்ச்சல்காரர்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். இப்படி இருக்கையில் ஒரு விசுவாசி பருத்திப்பட்டு ஏரியில் குளிக்கும்போது வில்லையைத் தண்ணீரில் விட்டுவிட்டான். "ஐயோ, என் இரட்சிப்பு போச்சே!" என்று கரையில் நின்று அழுதான். அவன் அழுதது சரியா, தப்பா என்பதில்தான் சபை இரண்டாகப் பிளந்தது.

சரிதான் என்றவர் மூப்பர் ஈசாக்கு. பட்டாளத்து டிப்போவில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். "தேவன் மனுஷனுக்குச் சுயாதீன சித்தத்தைக் கொடுத்திருக்கிறார். பரலோகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. விசுவாசி தன் இஷ்டப்படி வெளியே நடந்து போகலாம். போகிறவர்களைக் கவனித்து, போய்விட்டார்கள் என்று அறிவிப்பது நம்முடைய ஊழியம்" என்பார். இவருடையது திறப்புக் கட்சி.

தப்பு என்றவர் செங்கல் சூளை வைத்திருந்த மூப்பர் மாசிலாமணி. "அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே போனவன் போனவன்தான். எவனாவது வெளியே தென்பட்டால் அவன் உள்ளே போனதே இல்லை என்று அர்த்தம்" என்பார். இவருடையது பூட்டுக் கட்சி.

இரண்டு கட்சியாரும் ஒரே ஆளைத்தான் வெளியே தள்ளுகிறார்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் தகராறு என்று பாமரனுக்குத் தோன்றும். தோன்றக் கூடாது. அப்படித் தோன்றுகிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் இப்போது சபையில் இல்லை.

பிரகாசம் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. வாரம் முழுவதும் மிஷினை மிதித்துவிட்டு வந்து, பிரசங்கத்தில் முதல் வசனம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஞானகுமாரி ஒரு தரம் இருமுவாள். அந்த இருமல் அவருக்கு மட்டும் கேட்கும், நிமிர்ந்து உட்கார்வார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் பிள்ளை மாதிரி இருந்தார்கள்.

அந்த வருஷம் பங்குனியில் ஊருக்குள் அம்மை வந்தது. ஞானகுமாரிக்கும் வந்தது.

சபை அவளுக்காக ஜெபித்தது, தூரத்திலிருந்து. ஈசாக்கு தெருமுனையில் நின்று, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, கையை மட்டும் வீட்டின் திசைக்கு நீட்டி ஆசீர்வதித்தார். தேவன் முன்னமே தெரிந்துகொண்டவர்களை யாரும் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, தேவனே பார்த்துக்கொள்வார் என்று மாசிலாமணி ஆள் அனுப்பிச் சொன்னார். போதகர் ஒரு பிரசங்கமே செய்தார். அது வியாதியஸ்தரை விசாரிப்பதைப் பற்றிய நல்ல பிரசங்கம்.

வீட்டுக்குள் வந்தவள் பக்கத்துத் தெரு கீரைக்காரி பூங்காவனம் ஒருத்திதான். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்தது. முகமெல்லாம் தழும்பு. வேப்பிலைக் கொத்தும் கரைத்த கூழும் எடுத்துக்கொண்டு தினம் வந்தாள்.

"ஒண்ணியும் பயப்படாத தாயி. எனக்கு வந்து போவல? தோ, கல்லாட்டம் கீறேன்" என்று சொல்லி விசிறுவாள்.

கடைசி நாள் ஞானகுமாரிக்கு நினைவு தெளிவாக வந்தது. "பூங்காவனம், வேப்பில இன்னும் கொஞ்சம் போடு, ஒடம்பு எரியுது. ஒங்க ஆத்தா கிட்டயும் எனக்கோசரம் ஒரு வார்த்த சொல்லு" என்றாள். பூங்காவனம் அவள் நெற்றியில் திருநீறு இட்டாள். ஞானகுமாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீ நேரத்துக்குத் துன்னு. நான் இல்லன்னு பட்டினி கெடக்காத" என்றாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

அவள் வேப்பிலை கேட்டாள், நெற்றியில் திருநீறோடு பிரேதம் கிடந்தது என்ற சேதி சபைக்கு எட்டியது. மூப்பர்கள் உடனே கூடினார்கள். அம்மை வீட்டுக்கு வரப் பயந்தவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சமும் பயப்படவில்லை. விசாரணை முடியும்வரை அவளைக் கல்லறைத் தோட்டத்துக் கள்ளி வேலிக்கு வெளியே தற்காலிகமாக அடக்கம் செய்யலாம் என்று உத்தரவாயிற்று. பிரகாசமும் பூங்காவனத்தின் புருஷன் முனியனும் குழி வெட்டினார்கள். மண்ணைத் தள்ளும்போது முனியன், "இன்னா அண்ணாத்தே, உள்ள அம்மாம் எடம் சொம்மா கீதே?" என்று கேட்டான். பிரகாசம் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பின் துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? 'அம்மாள் மகிமைக்குள் பிரவேசித்தார்கள்' என்பதுதான் சபையில் வழங்கிவந்த ஆறுதல். பிரவேசித்தாளா இல்லையா என்று மூப்பர் சங்கம் தீர்மானிக்காதபோது அதை எப்படிச் சொல்வது? கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்கள் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு விலகிப் போனார்கள்.

பிரகாசம் சமைக்கக் கற்றுக்கொண்டார். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சியது. சாயங்காலம் மிஷினை மூடிவிட்டால் வீட்டில் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாமைக்குப் பயந்து தைத்த துணியைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தூக்கம் வருவது நின்றுபோயிற்று. பிரசங்கம் முழுவதையும் கேட்டார். இருமல் மட்டும் வரவில்லை.

மழைக்கு முன் விசாரணை நடந்தது. ஈசாக்கு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உம்முடைய மனைவி வேப்பிலையை அறிவோடு கேட்டாளா, அல்லது ஜுரவேகத்தில் உளறினாளா?"

போதகர் நல்ல மனுஷர். முன்னால் குனிந்து மெதுவாக, "உளறினாள் என்று சொல்லிவிடுமே. காரியம் முடிந்துவிடும்" என்றார்.

பிரகாசம் யோசித்தார். உளறினாள் என்று சொன்னால் அவளை உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதே மூச்சில்தானே அவள் தன்னிடமும் பேசினாள்? அது உளறல் என்றால் இதுவும் உளறல்தானே? அவள் விட்டுப்போனதில் அவர் கையில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"அவ தெளிவாத்தான் பேசினா ஐயா" என்றார்.

"கேட்டீர்களா!" என்று ஈசாக்கு எழுந்தார். "பூரண சுயாதீன சித்தம்! இரட்சிப்பைப் பெற்றிருந்தாள், தன் இஷ்டத்தால் இழந்தாள். நம் உபதேசத்துக்கு இவ்வளவு சுத்தமான திருஷ்டாந்தம் இதுவரைக்கும் கிடைத்ததில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"ஆட்சேபிக்கிறேன்" என்று மாசிலாமணி எழுந்தார். "இழந்தாள் என்பது துர்உபதேசம். அவளிடம் அது ஒருநாளும் இருந்ததில்லை. இவ்வளவு காலம் நம்மோடு உட்கார்ந்து பாடினாளே, அதுவே எவ்வளவு பெரிய ஏமாற்று!"

"வில்லை வாங்கினாளே?"

"வில்லை கொடுத்தது யார்? அந்தத் தெரு உம்முடைய வட்டாரம்!"

வேதத்தமிழ் அதுவரைதான் தாங்கியது. "யோவ், இன்னாயா சொல்ற? நான் கண்ணு தெரியாம குடுத்தேன்றியா?" என்று ஈசாக்கு மேஜையைத் தட்டினார். "ஆமாய்யா, இன்னா இப்போ?" என்று மாசிலாமணி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். நாலு பேர் நடுவில் புகுந்து பிரித்தார்கள்.

அமளி அடங்கியதும் பிரகாசம், தனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும் என்றார். "நான் செத்துப் போனா அவளப் பாப்பேனா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சியும் ஒரே பதில் வைத்திருந்தன. பார்க்க மாட்டார். அவர் உள்ளே, அவள் வெளியே. எப்படி வெளியே என்பது அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.

போதகர் அவர் தோளைத் தொட்டுப் பேசினார். "மனம் தளரக் கூடாது. மன்னிக்கக் கூடாது என்று யாருக்கும் இல்லை. தேவன் மன்னித்துவிட்டுக்கூட இருக்கலாம். ஆனால் அவருடைய நிலைமை வேறு, நம்முடைய நிலைமை வேறு. அவர் ஒருவர், நினைத்தவுடன் செய்துவிடுவார். சங்கத்துக்கு ஆள்கணக்கு, கோரம் எல்லாம் வேண்டாமா? நாளைக்கு ஜில்லா சங்கத்தில் கேட்டால் நான் யாரைக் கைகாட்டுவேன்?"

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பிரகாசத்துக்கு அந்த யோசனை தோன்றியது. அவளை உள்ளே கொண்டுவர முடியாது. சரி. தான் வெளியே போக முடியுமே? கதவு திறந்திருக்கிறது என்று ஈசாக்கு ஐயாவே சொல்கிறார். இரட்சிப்பை எப்படி இழப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வாழ்க்கையில் குடி இல்லை, சூது இல்லை. பொய் சொல்லும் வாய்ப்பு ஒன்று வந்தது, அதையும் கோட்டைவிட்டிருந்தார்.

முதலில் ஆராதனைக்குப் போவதை நிறுத்தினார். திறப்புக் கட்சியில் உற்சாகம் பிறந்தது. உயிரோடு ஒருவர் வழுவிப் போவதை நேரில் பார்க்கும் பாக்கியம் எல்லாத் தலைமுறைக்கும் வாய்க்காது. ஞாயிறுதோறும் இருவர் எதிர்க் கடையில் உட்கார்ந்து அவரைக் கவனித்தார்கள். அம்மை வீட்டுக்கு எட்டிப் பார்க்காதவர்கள் இப்போது மழையென்றும் பாராமல் வந்தார்கள். பூட்டுக் கட்சியார் கவலைப்படவில்லை. தையற்காரருக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டார்கள்.

மழைக்காலம் போயிற்று, அவள் போன பங்குனியும் வந்து போயிற்று. வேலிக்கு வெளியே இருந்தது வெளியேதான் இருந்தது. ஆடி பிறந்ததும் அம்மன் கோவிலில் கூழ் வார்த்தார்கள். பிரகாசம் பூங்காவனத்தோடு போய் வரிசையில் நின்றார்.

"ஏன் அண்ணாத்தே, ஒங்க சாமி கோச்சுக்காது?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்குத்தாம்மா வந்தேன்."

"நல்லா கீதே! எங்க ஆத்தா என்னிய கோச்சுக்கப் போறா. ஒன்ன இஸ்துகினு வந்து அவ காலாண்ட நிறுத்தி, நீ வேற ஆர்கிட்டயோ சண்ட வலிக்கிற."

பிரகாசம் ஊரறியக் கூழைக் குடித்தார். கையில் வேப்பிலையோடு சந்நிதியில் நின்றார். ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? கண்ணை மூடினார். பழக்கதோஷம், 'ஆண்டவரே' என்றுதான் வந்தது. விலகிப் போக வழி கேட்கவும் அவருக்கு வேறு யாரையும் தெரியவில்லை.

இனித் தன்னால் ஆகாது, முறைப்படி சொல்லிவிடுவோம் என்று அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போனார். எப்போதோ வாங்கி, தட்டில் போடாமல் வைத்திருந்த தன் வில்லையை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு இது வாணாம் ஐயா. என் பேர எடுத்துடுங்க."

ஈசாக்கு அதைத் தொடப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். டிப்போவில் எந்த ராஜினாமாவையும் காரணம் கேட்காமல் அவர் வாங்கியதில்லை.

"காரணம்?"

"அவகூட இருக்கணும். அதான்."

"தேவன் மேல் பகையா? கோபமா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லிங்க. அவர் இன்னா பண்ணாரு எனக்கு? அவ தனியா கீறா. அதான்."

ஈசாக்கு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஏமாற்றம் இருந்தாலும் நியாயத்தை விடவில்லை. "செல்லாது. சுயாதீன சித்தம் என்றால் எந்தக் கட்டாயமும் இல்லாமல் பிறக்க வேண்டும். நீர் மனைவியின் மேலுள்ள பாசத்தால் இழுக்கப்படுகிறீர். இது சித்தமல்ல, பலவீனம். பலவீனத்தால் இரட்சிப்பை இழக்க எங்கள் உபதேசத்தில் இடமில்லை."

"அவ ஒடம்பு எரியுதுன்னு கேட்டாளே, அது மட்டும் கட்டாயம் இல்லிங்களா?"

"அது வேறு கேஸ். அது முடிந்த கேஸ்."

மாசிலாமணி சிரித்துக்கொண்டே எழுந்தார். "நான் எத்தனை காலமாகச் சொல்கிறேன்! இந்த மனுஷன் கூழ் குடித்துப் பார்த்தான், சபையை விட்டுப் பார்த்தான். முடிந்ததா? முடியாது ஐயா. நீர் வேண்டாம் என்றாலும் விடாது. தலைகீழாக நின்றாலும் நீர் பரலோகம்தான்."

அப்போதுதான் போதகருக்கு உறைத்தது. பருத்திப்பட்டு ஏரிச் சம்பவத்துக்குப் பிறகு இரு கட்சியும் ஒரே முடிவுக்கு வருவது இதுதான் முதல் தடவை! அவர் எழுந்து நின்றார். "சகோதரர்களே, பிரகாசத்தின் இரட்சிப்பு பத்திரமாக இருக்கிறது என்று இச்சங்கம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஈசாக்கும் மாசிலாமணியும் கட்டிக்கொண்டார்கள். காப்பி வரவழைக்கப்பட்டது. வில்லையை யாரோ பிரகாசத்தின் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பிரகாசம் நடுவில் நின்றார். "அங்க எனக்குத் தெரிஞ்சவங்க ஆரு ஐயா இருப்பாங்க?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி? நாங்கள் எல்லோரும் இருப்போமே!" என்றார் ஈசாக்கு.

"நித்திய நித்தியமாய்!" என்றார் மாசிலாமணி.

பிரகாசம் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை தனிமையை மனைவி செத்த அன்றுகூட அவர் உணர்ந்ததில்லை. அன்று அதற்கு ஒரு முடிவு இருந்தது, என்றைக்காவது தானும் செத்து அவளிடம் போவோம் என்று. இவர்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நன்றி ஜெபம் அவர்தான் பண்ண வேண்டும் என்று போதகர் வற்புறுத்தினார். பிரகாசம் சபையில் வாய்திறந்து ஜெபித்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஆண்டவரே, எனக்குக் குடுத்தத திருப்பி எடுத்துக்க மாட்டேன்றாங்க. அவளுக்கும் குடுக்க மாட்டேன்றாங்க. எனக்கு ஒண்ணியும் புரில. அவ வேலிக்கு அந்தாண்ட கீறா. மழையில மண்ணு கொஞ்சம் எறங்கிப்போச்சு. இவங்கள்ல ஒருத்தரும் அந்தப் பக்கம் வர்றதில்ல. நீயாவது ஒரு தபா வந்து அவள பாத்துட்டுப் போயேன். அவ்ளோதான்."

ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. முதலில் வாய் திறந்தவர் ஈசாக்கு. இந்த ஜெபம் ஒழுங்குக்கு உட்பட்டதா என்று சந்தேகம் எழுப்பினார். விசாரணையில் தள்ளப்பட்ட ஒரு கல்லறையைப் பார்க்கும்படி தேவனை அழைப்பது சங்கத்தின் தீர்ப்பை அவமதிப்பதாகும் என்றார். மாசிலாமணி அதை முழுமனதோடு ஆமோதித்தார். தேவன் ஒருவேளை இரங்கி வந்துவிட்டால் நம் கதி என்ன, வேலி எதற்கு என்று ஜனங்கள் கேட்க மாட்டார்களா என்றார். போதகர் இரு தரப்பையும் சமாதானப்படுத்தி வாசகத்தை அமைத்துக் கொடுத்தார். அதன்படி, சங்கத்தின் முன் அனுமதி இல்லாமல் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே எவரும் எழுந்தருளக் கூடாது. இந்தத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

கை தூக்கியவர்களில் பிரகாசம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். அவர் ஜெபம் முடிந்ததுமே இறங்கிப் போயிருந்தார். வேலிக்கு வெளியே, அவள் தலைமாட்டில், இறங்கியிருந்த மண்ணைக் கையால் கூட்டி அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்.